என் ரத்தத்தின் பாலன்ஸ் ஷீட்!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காகிதத்தில் எண்ணைப் பார்த்தாலும் கூட்டிப் பார்ப்பான். ஹோட்டல் பில், மளிகைச் சிட்டை, கல்யாண மொய் நோட்டு... எதுவும் தப்பாது. போன வருஷம் அந்தப் பழக்கம் என் ரத்தத்திலேயே கை வைத்துவிட்டது!

ஆவடியில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரத்தப் பரிசோதனை முகாம். '68 டெஸ்ட், 999 ரூபாய் மட்டுமே!' என்று லிஃப்ட்டில் நோட்டீஸ். ஒரு டெஸ்ட்டுக்கு 14 ரூபாய் 69 காசு. 'மெட்ராஸில் காபியே இந்த விலைக்குக் கிடையாதே, விடாதே' என்றான் எனக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை.

முதல் நாள் ராத்திரி பட்டாபிராமில் நண்பன் தங்கையின் ரிசப்ஷன். பிரியாணி, பரோட்டா, பத்தரை மணிக்கு இரண்டாவது ஐஸ்க்ரீம். காலையில் ஏழு மணிக்கு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயையும் குடித்துவிட்டுக் கையை நீட்டினேன்.

"எதுனா சாப்ட்டியா சார்?" என்றான் ஊசியும் கையுமாக வந்த பையன்.

"டீ மட்டும்தாம்பா."

"டீயெல்லாம் கணக்குல வராது சார்!" என்று குத்தினான்.

இரண்டு நாளில் ரிப்போர்ட் செல்போனுக்கு வந்தது. மொத்தக் கொலஸ்டிரால் 262. எல்.டி.எல். 178. ஹெச்.டி.எல். 36. வி.எல்.டி.எல். 48. ட்ரைகிளிஸரைட்ஸ் 240. பக்கத்தில் தடித்த எழுத்தில் வரிசையாக 'ஹெச்', 'ஹெச்', 'ஹெச்'.

கை சும்மா இருக்குமா? 178-ஐயும் 36-ஐயும் 48-ஐயும் கூட்டினேன். 262. அட, டாலி ஆகிறது! ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. டாலி ஆனது கணக்கு. திவாலாகிக்கொண்டிருப்பது நான்!

*

நான் செய்த முதல் காரியம், யாரிடமும் சொல்லாமல் இருந்தது. "ரிப்போர்ட் வந்துச்சாங்க?" என்று கேட்ட மனைவியிடம் "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பையனின் ஸ்கூல் ஃபீஸ் ரசீதைத் தேடி என் போனைக் குடைந்தவள் கண்ணில் அது பட்டது.

"ஏங்க, இதுல 'ஹெச்', 'ஹெச்'னு போட்டிருக்கே... என்னங்க அது?"

"ஹெல்த்தி!" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

அந்த மூன்று வாரமும் நான் வைத்தியமே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆவடி லோக்கல் ட்ரெயினில் பார்த்தேன். பாரிமுனையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வாரத்துக்கு மூன்று நாள் கணக்கு எழுதப் போகிறவன் நான். (மீதி நாட்களில் இந்த மாதிரி எழுதுகிறேன். இதில் டாலி ஆவதே இல்லை.) ஸீட் நண்பர்களிடம், "என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்குக் கொலஸ்டிரால் 262-ஆம்..." என்று பொத்தாம்பொதுவாக ஆரம்பித்தேன். உலகத்தில் யாருமே இப்படிப்பட்ட ஃப்ரெண்டை நம்புவதில்லை. எல்லோரும் என் தொப்பையைத்தான் பார்த்தார்கள்.

அண்ணனூரில் ஒருவர் "வெறும் வயித்துல பூண்டு" என்றார். திருமுல்லைவாயிலில் வெந்தயம். அம்பத்தூரில் செக்கு எண்ணெய். பட்டரவாக்கத்தில், "முட்டையில மஞ்சக் கருவைத் தூக்கிப் போடச் சொல்லு உன் ஃப்ரெண்டை." கொரட்டூரில் ஏறியவர், "எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் சதி. கொலஸ்டிரால்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்று முடித்துவிட்டார். வில்லிவாக்கம் வருவதற்குள் எனக்கு வியாதியே இல்லை!

அப்படி ஒளித்து வைத்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. பயம். அந்தப் பயத்துக்கு 1999-லிருந்து வயசு.

*

என் அப்பா ஹெச்.வி.எஃப்.பில் ஃபிட்டர். 1961-ல் ஆரம்பித்த, இந்திய ராணுவத்துக்கு டாங்கி செய்கிற ஃபாக்டரி. விஜயந்தா டாங்கிகளுக்கு நட்டு முடுக்கிய கை அவருடையது. 'அந்த உடம்புக்கு என்ன வரப்போகிறது!' என்றுதான் குவார்ட்டர்ஸில் எல்லோரும் நினைத்தார்கள். கொலஸ்டிரால் டெஸ்ட் என்று ஒன்றை அவர் எடுத்ததே இல்லை.

ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், நெஞ்சைத் தடவிக்கொண்டார். சட்டை முழுக்க வியர்வை. "வாயு பிடிச்சிருக்கு. டேய், ஓடிப்போய் ஒரு சோடா வாங்கிட்டு வா" என்றார். எனக்குப் பதினோரு வயசு. ஓடினேன். கடைக்காரர் மீதிச் சில்லறை தருவதற்குத் தாமதமானது. நான் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். அப்பாவுக்கு 51.

'வாயு' என்று நினைத்தது மாரடைப்பு. அந்த சோடாவை வாங்கப் போனவன் நான். 262 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கேட்டது கோலி சோடா உடைகிற சத்தம்தான். இதை ட்ரெயினில் எப்படிச் சொல்வது?

மனைவி ரொம்பப் பேசவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். 'போறீங்க' இல்லை, 'போறோம்'!

*

எங்கள் ஏரியா டாக்டரம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். செல்போனை நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

"அது கிடக்கட்டும் தம்பி. வயசு?"

"முப்பத்தேழு."

"சிகரெட்?"

மனைவி கூரையைப் பார்த்தாள். "நாலு... ஸ்டேஷன்ல ட்ரெயினுக்கு வெயிட் பண்றப்ப..."

"ட்ரெயின் லேட்டானா ஆறா?" என்றபடியே பி.பி. பார்த்தார். 136-க்கு 86. சர்க்கரை இல்லை. கடைசியாக, "அப்பா?" என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். அதற்குப் பிறகுதான் என் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினார்.

ரிப்போர்ட்டைப் பார்க்கும் முறையே இதுதான் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பேப்பரில் இருப்பது பாதிக் கணக்கு. மீதிப் பாதி நாம்தான்.

"மொத்தம் 262-ன்னு பயந்துட்டீங்களா? மொத்தத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. உங்க கம்பெனி டர்ன்ஓவரை மட்டும் பார்த்து லாபமா நஷ்டமான்னு சொல்வீங்களா?"

எனக்குப் புரிகிற பாஷையில் பேசுகிறாரே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்கும் ஒப்பிக்கிறேன்.

கொலஸ்டிரால் வில்லன் இல்லை. ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் கட்ட அது வேண்டும். பித்தநீருக்கு வேண்டும். வைட்டமின் டி-க்கு வேண்டும். ஆண்மைக்கான ஹார்மோனே அதிலிருந்துதான் வருகிறது. (இப்போது மரியாதை வந்திருக்குமே!) இதில் பெரும்பங்கை நம் உடம்பே தயார் செய்துகொள்கிறது. கல்லீரல்தான் முக்கியமான ஃபாக்டரி.

சிக்கல் என்னவென்றால், இது எண்ணெய்ப் பசையான சரக்கு. தண்ணீர் மாதிரி இருக்கும் ரத்தத்தில் கரையாது. எனவே லாரி வேண்டும். நம்ம சி.டி.ஹெச். ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்.டி.எல். என்பது ஃபாக்டரியிலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் லாரி. ஹெச்.டி.எல்., மிச்சம் மீதியை அள்ளிக்கொண்டு திரும்பி வரும் குப்பை லாரி. வி.எல்.டி.எல். பெரும்பாலும் ட்ரைகிளிஸரைட்ஸ் என்ற கொழுப்பைச் சுமக்கிறது. சரக்கு லாரி அளவோடு ஓடினால் ஊருக்கு நல்லது. அளவுக்கு மீறினால் இறக்க இடமில்லாமல் ரோட்டு ஓரமெல்லாம் சரக்கைக் கொட்டும். அந்த ரோடு இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயாக இருந்தால்... அதுதான் என் அப்பாவின் கதை.

சரக்கை இறக்கிக்கொள்ள ஒவ்வொரு செல்லிலும் ஒரு 'கேட்' இருக்கிறது என்று கண்டுபிடித்த அமெரிக்க டாக்டர்கள் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. சில குடும்பங்களில் பிறவியிலேயே இந்த கேட் குறைவு. பச்சைத் தண்ணீர் குடித்தாலும் எல்.டி.எல். 190-க்கு மேல் எகிறி நிற்கும். 'ஒல்லியா இருக்கேன், எனக்கு எப்படி?' என்று இவர்களில் பலர் டெஸ்ட்டே எடுப்பதில்லை.

*

அடுத்து டாக்டரம்மா என் 'டாலி'யில் கை வைத்தார்.

"அது டாலி ஆகத்தான் செய்யும் தம்பி. நிறைய லேப்ல எல்.டி.எல்.லை நேரா அளக்கிறதே இல்லை. மொத்தத்துல ஹெச்.டி.எல்.லைக் கழிப்பாங்க. ட்ரைகிளிஸரைட்ஸை அஞ்சால வகுத்து அதையும் கழிப்பாங்க. மிச்சம்தான் எல்.டி.எல்.!"

இது 1972-ல் ஃப்ரீட்வால்ட் என்பவர் கொடுத்த சூத்திரம். 240-ஐ ஐந்தால் வகுத்தால் 48. 262-லிருந்து 36-ம் 48-ம் போனால் 178. அடப்பாவிகளா, எனக்கு முன்னாடியே ஒருத்தன் கணக்கைச் சரிக்கட்டி வைத்திருக்கிறான்! ட்ரைகிளிஸரைட்ஸ் 400-க்கு மேல் போனால் இந்தச் சூத்திரம் செல்லாது. அப்போது எல்.டி.எல்.லை நேராக அளக்க வேண்டும்.

"முதல் டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு கட்டாயம்னு இப்ப சொல்றதில்லை. ஆனா ட்ரைகிளிஸரைட்ஸ் கூடியிருந்தா, பன்னிரண்டு மணி நேரம் பட்டினியா இருந்து இன்னொரு வாட்டி பார்த்துடணும். முந்தின நாள் என்ன சாப்பிட்டீங்க?"

ரிசப்ஷன் மெனுவைச் சொன்னேன். இரண்டாவது ஐஸ்க்ரீமை மட்டும் மறைத்தேன். மனைவி காட்டிக்கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒழுங்காகப் பட்டினி கிடந்து எடுத்த ரிசல்ட்: மொத்தம் 250, ஹெச்.டி.எல். 38, ட்ரைகிளிஸரைட்ஸ் 190, எல்.டி.எல். 174. கவனியுங்கள். ட்ரைகிளிஸரைட்ஸ் சரசரவென்று 50 இறங்கியது. எல்.டி.எல். இறங்கியதோ வெறும் நாலு. ட்ரைகிளிஸரைட்ஸ் என்பது கல்லாப்பெட்டி மாதிரி. நேற்றைய விருந்து, சர்க்கரை, சாராயம் எல்லாம் அதில் உடனே தெரியும். எல்.டி.எல். பழைய கடன் பாக்கி. ஒரு நாள் பட்டினிக்கெல்லாம் அசையாது. இரண்டு நாள் வெந்தயம் தின்றுவிட்டு டெஸ்ட் எடுத்து ஏமாற்றலாம் என்று நினைக்கிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.

தைராய்டு மந்தமாக இருந்தாலும் கொலஸ்டிரால் ஏறும் என்று அதையும் பார்க்கச் சொன்னார். அது சரியாக இருந்தது.

*

"சரி டாக்டர், எவ்வளவு இருந்தா நார்மல்?" என்று கேட்டேன். எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

"யாருக்கு?" என்றார்.

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால், இந்த 'யாருக்கு?'வை வைத்துக்கொள்ளுங்கள். லேப் பேப்பரில் அச்சடித்த 'நார்மல்' எல்லோருக்கும் ஒன்றுதான். நமக்கான இலக்கு அப்படி இல்லை. 2024 ஜூலையில் இந்திய இதயவியல் மருத்துவர்கள் சங்கம், நம் நாட்டுக்கென்றே முதல்முறையாக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ரிஸ்க் குறைவானவருக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழே. சர்க்கரை, பி.பி. என்று ரிஸ்க் கூடியவருக்கு 70-க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு 55-க்குக் கீழே. ஒரே ட்ரெயினில் ஒரே ஸீட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு எல்.டி.எல். 90 என்று வைத்துக்கொள்வோம். 25 வயசு வாலிபனுக்கு அது பாஸ் மார்க். ஸ்டென்ட் வைத்துக்கொண்ட அவன் மாமாவுக்கு அது பெயில்!

முதல் டெஸ்ட்டை 18 வயசிலேயே எடுத்துவிடச் சொல்கிறது அதே வழிகாட்டி. ஏன் அவ்வளவு அவசரம்? தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிடச் சில வருஷம் முன்னதாகவே வருகிறது என்று, கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு காட்டியது. மற்றவர்களுக்குச் சராசரியாக 59 என்றால் நமக்கு 53. நம்ம சென்னையிலிருந்து டாக்டர் அஞ்சனா, டாக்டர் மோகன் குழுவினர் ஐ.சி.எம்.ஆர். உதவியோடு நாடு முழுக்க ஒரு லட்சத்துப் பதிமூன்றாயிரம் பேரைப் பரிசோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். அதன்படி 24 சதவிகிதம் பேருக்கு, அதாவது நாலில் ஒருவருக்கு, மொத்தக் கொலஸ்டிரால் அதிகம். லோக்கலில் எதிரும் புதிருமாக எட்டுப் பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர். அந்தக் கொரட்டூர்காரர் எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்வது நல்லது.

*

"சிகரெட்டை இன்னிக்கே நிறுத்துங்க. தினம் நடங்க. சாப்பாட்டை மாத்துங்க. ராத்திரி ஒரு மாத்திரை" என்றார் டாக்டரம்மா.

"மாத்திரை இல்லாம முடியாதா டாக்டர்?"

"சாப்பாட்டை மட்டும் மாத்தினா பத்து, பதினஞ்சு சதவிகிதம் இறங்கும். 174-ல பதினஞ்சு சதவிகிதம் எவ்வளவு? கணக்குப்பிள்ளைதானே, சொல்லுங்க."

26 போனால் 148. வாயை மூடிக்கொண்டேன். அப்பாவுக்கு 51 வயசு. நான் சிகரெட். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் எனக்கு மாத்திரை. வேறொருவருக்கு இதே 174 என்றால் மூன்று மாசம் நடக்கச் சொல்லிவிட்டுப் பார்க்கலாம். இதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், நானோ நீங்களோ, ட்ரெயின் நண்பரோ அல்ல.

அந்த 'ஸ்டாடின்' வகை மாத்திரைக்கு ஒரு சுவையான கதை இருக்கிறது. ஜப்பானில் அகிரா எண்டோ என்கிற விஞ்ஞானி, கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் பூஞ்சைகளில் இருக்கலாம் என்று நினைத்து ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்தார். 1973-ல் அகப்பட்டது. எங்கே தெரியுமா? கியோட்டோ நகரத்து தானியக் கடை ஒன்றின் அரிசியில் பூத்த பூஞ்சையில்! அந்த வழியில் வந்த முதல் மாத்திரை 1987-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எண்டோ 2024-ல் தம் 90-வது வயதில் காலமானார்.

மாத்திரை சாப்பிட்டால் உடம்பெல்லாம் வலிக்கும் என்று பயமுறுத்துகிறார்களே? 2020-ல் லண்டன் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். பக்க விளைவால் ஸ்டாடினை நிறுத்தியிருந்த 60 பேருக்கு, சில மாசம் நிஜ மாத்திரை, சில மாசம் மருந்தே இல்லாத டம்மி மாத்திரை, சில மாசம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவிகிதம் டம்மியிலும் வந்தது! அதற்காக நிஜமான தசைவலி யாருக்குமே வராது என்று அர்த்தமில்லை. "வலிச்சா என்கிட்ட வந்து சொல்லுங்க. நீங்களா நிறுத்தாதீங்க" என்பதுதான் டாக்டரம்மாவின் ஆர்டர்.

எண்ணெய் வாங்கப் போனபோது ஒரு பாக்கெட்டில் 'கொலஸ்டிரால் அறவே இல்லாதது' என்று போட்டிருந்தது. கொலஸ்டிரால் மிருகங்களிடமிருந்து வருகிற சரக்கு. கடலையிலும் எள்ளிலும் அது என்றைக்கு இருந்தது? 'எங்கள் கடை இட்லியில் முள் கிடையாது' என்று போர்டு வைப்பது மாதிரி! பார்க்க வேண்டியது அதிலிருக்கும் நிறைகொழுப்பை. அதுதான் எல்.டி.எல்.லை ஏற்றும். தேங்காய் எண்ணெயில் அது கிட்டத்தட்ட 90 சதவிகிதம், பாமாயிலில் பாதிக்குப் பாதி, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் முட்டை ரொம்பப் பெரிய குற்றவாளி இல்லை. ஸ்டேஷன் வாசலில் நான் தினமும் இரண்டாக ஆரம்பித்து நாலில் முடிக்கும் பஜ்ஜிதான் பெரிய குற்றவாளி.

*

மூன்று மாசம். விடிகாலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்தேன். முதல் வாரம் என்னைப் பார்த்து நாய் குரைத்தது. நாலாவது வாரம் கூடவே நடந்தது. பஜ்ஜிக் கடையைத் தாண்டும்போது செல்போனில் பேசுகிற மாதிரி நடித்தேன். சிகரெட்டை விடுவதுதான் பெரும்பாடு. இரண்டு முறை விட்டு இரண்டு முறை பிடித்து, மூன்றாவது முறை விட்டது இன்றுவரை நிற்கிறது.

ரிசல்ட்: மொத்தம் 175, ஹெச்.டி.எல். 41, ட்ரைகிளிஸரைட்ஸ் 150, எல்.டி.எல். 104.

"நாலு மார்க்குல பெயில்" என்றார் டாக்டரம்மா, சிரித்துக்கொண்டே. "இன்னும் மூணு மாசம் பார்ப்போம்."

கிளம்பும்போது கேட்டார்: "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

தம்பி இருக்கிறான். ஓசூரில் வேலை. 32 வயசு. ஒல்லி. சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது. அப்பா போனபோது அவனுக்கு ஆறு வயசு. அந்த சாயங்காலம் அவனுக்கு ஞாபகமே இல்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. அன்று ராத்திரி போன் போட்டு முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். வாயு, வியர்வை, சோடா, சில்லறை.

ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு, "அதுக்கு நீ என்னண்ணே பண்ணுவே? உனக்குப் பதினோரு வயசு" என்றான்.

இன்றைக்கு அப்படி ஒரு சாயங்காலம் வந்தால் சோடாவுக்கு ஓட வேண்டாம். நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை என்றால் 108-க்கு போன் போடுங்கள். மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்கு மூன்று வகை மாத்திரையை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம், 2023-ல் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆரம்பித்தது. அந்த மூன்றில் ஒன்று இதே ஸ்டாடின்.

போன வாரம் தம்பியின் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. மொத்தம் 248. எல்.டி.எல். 176. ஹெச்.டி.எல். 44. வி.எல்.டி.எல். 28. கீழே ஒரு வரி: 'அண்ணே, ஹெச்-னா என்ன?'

கை தன்பாட்டில் கூட்டிப் பார்த்தது. டாலி ஆகிறது.

'ஹெல்த்தி' என்று அடித்து, அழித்துவிட்டு, போனை எடுத்தேன். "டேய், நாளைக்கு லீவு போடு. டாக்டர்கிட்ட போறோம்" என்றேன்.